பருவம் முந்திப் பிறந்த கைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குழந்தையைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்டு, அதனைப் பல நூற்றாண்டுகள் பேணி வளர்த்த மொழி தமிழ். கண்ணனைக் குழந்தையாக்கிப் பெரியாழ்வார் பாடிய பாசுரங்களில் முளைவிட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் தனிநூல் வடிவம் பெற்று, 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரரால் மெருகேறிய அவ்வகை, பிள்ளைத்தமிழ் என்பதை இவ்வவை நன்கறியும்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பக்தி நோக்கிலும் அணி நோக்கிலும் ஆராய்ந்தோர் பலர். அப்பருவங்களைக் கையின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு. செங்கீரையில் குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. உடலின் சுமையைக் கை தாங்கக் கற்கிறது. சப்பாணியில் இரண்டு கைகளும் மார்புக்கு நேரே வந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. அம்புலியில் கை வானை நோக்கி நீள்கிறது. சிறுபறையில் கோலைப் பற்றித் தாளத்தோடு அறையும் அளவுக்கு மணிக்கட்டு பழகிவிடுகிறது. சிற்றிலில் விரல்கள் மணலைக் குவித்து வீடு கட்டுகின்றன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் கழங்கும் அம்மானையும் கண்ணும் கையும் ஒத்துழைத்தாலன்றி இயலாத ஆடல்கள். தோளில் தொடங்கி, மணிக்கட்டு வழியாக விரல்நுனிக்கு வந்து சேரும் இவ்வரிசை, இன்றைய குழந்தை மருத்துவம் கூறும் வரிசையோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது.

பாட்டியல் நூலார் இப்பருவங்களுக்குத் திங்கட் கணக்கும் வகுத்தனர். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி என்றவாறு அக்கணக்குச் செல்லும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு. எந்நூலாயினும் எண்ணத் தொடங்குவது குழந்தை பிறந்த பின்னரே. திங்கள் நிறைந்து பிறந்த குழந்தைக்கு அக்கணக்குப் பொருந்தும். ஏழாம் திங்களிலேயே மண்ணுக்கு வந்துவிட்ட குழந்தைக்கு எங்கிருந்து எண்ணுவது? அக்குழந்தையின் கை எப்போது கொட்டும், எப்போது பற்றும், எப்போது எழுதும்? இவ்வுரையின் பொருள் அதுவே.

பிழைத்தலும் வாழ்தலும்

கருவுற்று 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என மருத்துவம் வரையறுக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் 32 வாரத்துக்குப் பின் பிறப்பவர்கள். 28 முதல் 32 வாரத்துக்குள் பிறப்போர் மிக முந்தியோர். 28 வாரமும் நிறையாமல் பிறப்போர் அவர்களினும் முந்தியோர். உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் இணைந்து 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர். பத்தில் ஒன்று என்பது அதன் பொருள். அவர்களுள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள்.

ஒரு காலத்தில் இக்குழந்தைகளுள் மிகச் சிலரே பிழைத்தனர். 1880களின் தொடக்கத்தில் பாரிஸ் நகர மகப்பேறு மருத்துவமனையில் ஸ்டெஃபான் தார்னியே என்னும் மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு அதுபோன்ற வெப்பப் பெட்டியைக் குழந்தைகளுக்காக அமைத்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் கோனித் தீவுக் கேளிக்கைப் பூங்காவில் மார்ட்டின் கூனி என்பவர் இக்குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்து, பார்க்க வருவோரிடம் கட்டணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டே அவர்களைப் பேணி வந்தார். மருத்துவமனைகளில் இடம் கிடைக்காத குழந்தைகள் காட்சிக்கூடத்தில் உயிர் பிழைத்தனர் என்பது வரலாற்றின் விந்தை.

பின்னர் அறிவியல் விரைந்து முன்னேறியது. நுரையீரலின் சிற்றறைகளை விரிந்தபடி வைத்திருக்கும் ஒரு பொருளின் குறையே இக்குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினர். பேறு முந்தும் எனத் தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி அளித்துக் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தலாம் என்பதை 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்சும் ஹோவியும் நிறுவினர். குறையாயிருந்த பொருளையே மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்தும் முறையை 1980இல் ஜப்பானியரான ஃபுஜிவாராவும் குழுவினரும் வெளியிட்டனர். இவற்றின் பயனாகப் பல்லாயிரம் குழந்தைகள் பிழைத்தனர். பிழைப்பார்களா என்ற வினா ஓரளவு விடை பெற்றதும், எவ்வாறு வாழ்வார்கள் என்ற அடுத்த வினா எழுந்தது. கையைப் பற்றிய ஆராய்ச்சி அவ்விரண்டாம் வினாவைச் சேர்ந்தது.

கருவறை என்னும் பள்ளி

கையின் கல்வி கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 15 வாரக் கருவே கட்டைவிரலைச் சுவைப்பதை ஒலியலைப் படங்கள் காட்டுகின்றன. பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பரும் உடன் ஆய்ந்தோரும் கருவில் விரல் சுவைத்த 75 குழந்தைகளைப் பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டு, 2005இல் முடிவை வெளியிட்டனர். வலக்கட்டைவிரலைச் சுவைத்த 60 பேரும் வலக்கைப் பழக்கத்தினர். இடக்கட்டைவிரலைச் சுவைத்த 15 பேரில் 10 பேர் இடக்கைப் பழக்கத்தினர். எழுதும் கை எது என்பதன் முன்னறிவிப்பு, பிறப்பதற்குப் பல திங்கள் முன்னரே கிடைத்துவிடுகிறது.

கருவறையின் கடைசி மூன்று திங்கள் நெருக்கமான காலம். இடம் குறையக் குறையக் கையும் காலும் மடங்கி உடலோடு ஒட்டுகின்றன. கை வாய்க்கருகில் கிடக்கிறது. சற்றே நீட்டினால் கருவறைச் சுவர் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. நீட்டுதலும் மடக்குதலும், தள்ளுதலும் தள்ளப்படுதலுமாகத் தசைகள் ஓயாமல் பயில்கின்றன. முந்திப் பிறந்த குழந்தைக்கு இப்பயிற்சி நடுவில் நின்றுவிடுகிறது. அதன் தசைகளில் இறுக்கம் போதாது. சமதளப் படுக்கையில் புவியீர்ப்பு அதன் கைகளை இரு புறமும் விரித்துச் சாய்த்துவிட, தோள்கள் பின்னோக்கி விழுகின்றன. மார்பின் நடுவே சந்திக்க வேண்டிய கைகள் வெகுதூரத்தில் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, மருந்தேற்றும் ஊசி பெரும்பாலும் அக்கையில்தான் குத்தப்படுகிறது. ஊசி நழுவாதிருக்கச் சிறு பலகையோடு சேர்த்துக் கை கட்டப்படுகிறது. தொடுதல் என்றால் இதம் என்று கற்க வேண்டிய உள்ளங்கை, தொடுதல் என்றால் வலி என்று முதற்பாடம் பெறுகிறது.

மூளைக்குள் நிகழ்வது இதனினும் நுட்பமானது. 24 முதல் 32 வாரம் வரையுள்ள காலத்தில், மூளையின் உட்குழிவுகளை அடுத்துள்ள வெண்பொருள் மிகவும் மென்மையானது. நரம்பிழைகளுக்கு உறையிட வேண்டிய இளம் உயிரணுக்கள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கின்றன. உயிர்வளிக் குறைவும் அழற்சியும் அவற்றை எளிதில் தாக்குகின்றன. காலை இயக்கும் இழைகள் உட்குழிவுக்கு மிக அருகிலும், கையை இயக்கும் இழைகள் சற்று விலகியும் செல்வதால், பெரும் பாதிப்பு முதலில் கால்களிலேயே வெளிப்படுகிறது. கையின் குறை மெல்லியதாய் மறைந்து நிற்கிறது. இவற்றோடு, இயக்கங்களை அளந்து சீராக்கும் சிறுமூளை பலமடங்கு பெருக்கும் காலமும் இக்கடைசித் திங்கள்களே. அவ்வளர்ச்சி கருவறைக்கு வெளியே நிகழும்போது அதன் வேகம் குன்ற வாய்ப்புண்டு.

கைக்கு வழிகாட்டும் கண்ணும் இவ்விடரிலிருந்து தப்புவதில்லை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் கெடுக்கும் நோயை 1942இல் டெரி என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் விவரித்தார். அளவின்றித் தந்த உயிர்வளியே அதற்கு முதன்மைக் காரணம் என்பது 1950களில் தெளிவாயிற்று. உயிர் காத்த காற்றே ஒளியைப் பறித்த கொடுமை அது. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கோ, 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை நிகழ வேண்டும் என்பது நெறிமுறை. இதனைப் பெற்றோர் அறிந்திருத்தல் மிக இன்றியமையாதது. தக்க காலத்தில் கண்டால் பார்வையைக் காக்கச் சிகிச்சை உண்டு.

எங்கிருந்து எண்ணுவது?

முன்னர் எழுந்த வினாவுக்கு மருத்துவம் தரும் விடை எளியது. பிறந்த நாளிலிருந்து எண்ணுவதோடு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் எண்ண வேண்டும். இவ்விரண்டாம் கணக்குக்குத் திருத்திய வயது என்று பெயர். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 40 வாரக் கணக்குக்கு 12 வாரம் முந்தியது. ஆகவே பிறந்து ஒன்பது திங்கள் ஆனபோது அதன் திருத்திய வயது ஏறத்தாழ ஆறு திங்களே. ஆறாம் திங்களில் குழந்தை பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். ஒன்பதாம் திங்களுக்குப் பிறகே கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடி ஒரு பொரியை எடுக்கும். ஒன்பது திங்கள் ஆகியும் பொரியை எடுக்கவில்லையே என்று அக்குழந்தையின் தாய் கலங்கத் தேவையில்லை. இரண்டு வயது வரையிலேனும் இக்கணக்கைக் கொள்வது வழக்கம்.

ஆயினும் இக்கணக்கு ஒரு மயக்கத்துக்கும் இடமளிக்கிறது. குறைமாதந்தானே, தானே சரியாகிவிடும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடும் இல்லங்களும் உண்டு. திருத்திய வயதில் நான்கு திங்கள் கடந்தும் கைகள் நடுவே கூடவில்லை, கட்டைவிரல் எப்போதும் முட்டிக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது, ஓராண்டு நிறையுமுன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைப் புறக்கணிக்கிறது என்றால், அவை காத்திருக்கத்தக்க அடையாளங்கள் ஆகமாட்டா. உடனே மருத்துவரிடம் காட்டத்தக்கவை.

எழுதும் கை

குழந்தை நடந்துவிட்டால் இல்லத்தின் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நுண்ணியக்கத்தின் கதையோ அதன் பிறகே வெளிப்படுகிறது. மிக முந்திப் பிறந்த அல்லது மிகக் குறைந்த எடையுடன் பிறந்த 9653 குழந்தைகளைப் பற்றிய 41 ஆய்வுகளைத் தொகுத்து, 2009இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஒரு முடிவை வெளியிட்டனர். இயக்கத் திறனில் காணும் பின்னடைவு குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடாமல் வளரிளம் பருவம் வரை தொடர்கிறது என்பதே அது. மூளை முடக்குவாதம் இல்லாத குறைமாதக் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2010இல் ஆஸ்திரேலியாவில் செய்த தொகுப்பாய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரிடம் இலேசானது முதல் நடுத்தரமானது வரையான இயக்கக் குறையும், அவர்களுள் அடங்கிய 19 பேரிடம் நடுத்தரமான குறையும் இருப்பதாகக் கணித்தது. எஞ்சிய பெரும்பகுதியினர் குறையின்றி வளர்கின்றனர் என்பதும் அதே கணக்கின் செய்தி.

இக்குறை எப்படிப்பட்டது? கண்ணுக்குத் தெரியும் ஊனம் ஏதுமில்லை. சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க நெடுநேரம் ஆகிறது. சோற்றைப் பிசைந்து கவளமாக எடுக்கையில் பாதி சிந்துகிறது. கோலப்பொடி கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருந்து ஒரே சீராக இறங்க மறுக்கிறது. ஓரிடத்தில் குவிகிறது, ஓரிடத்தில் அறுகிறது. பென்சிலை அழுத்திப் பிடித்து முனையை முறிக்கிறது. அல்லது பிடி தளர்ந்து எழுத்து மங்குகிறது. வலிமை போதாமை இதன் முழுக்காரணம் ஆகாது. எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது, எத்திசையில் திருப்புவது என்று அளக்கும் திறனிலேயே தயக்கம்.

வகுப்பறையில் இத்தயக்கம் பெருந்துன்பமாகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எளிய செயல்போல் தோன்றும். கண் உயர்ந்து எழுத்தைக் காண வேண்டும். நினைவு அதனைத் தாங்க வேண்டும். கண் தாழ்ந்து வரியைத் தேட வேண்டும். விரல்கள் அவ்வடிவை வரைய வேண்டும். தமிழ் எழுத்துகள் சுழியும் வளைவும் கொம்பும் மிக்கவை. இகரத்தின் சுழிகளையும் ணகரத்தின் வரிசை வளைவுகளையும் திசை மாற்றித் திசை மாற்றி எழுத வேண்டிய சிறுவிரல், ஐந்தாவது வரியில் களைத்துவிடுகிறது. வாய்விட்டுக் கேட்டால் விடையைச் சரியாகச் சொல்லும் குழந்தையின் ஏடு பாதி வெறுமையாய் இருக்கிறது. ஆசிரியர் அவ்வேட்டைக் கண்டு சோம்பேறி என்கிறார். உறவினர் மந்தம் என்கின்றனர். அடி விழுவதும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்தண்டனையைத் தடை செய்துள்ளது. சொல்லால் விழும் அடிகள் மட்டும் எளிதில் நிற்பதில்லை.

செய்யத்தக்கன

முதற்பணி பிறந்த நாளிலேயே தொடங்குகிறது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத ஒரு மகப்பேறு மருத்துவமனையில், எட்கர் ரேய் என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என வழங்கும் அது, வறுமைக்கு மாற்றாகப் பிறந்து, பின்னர் செல்வ நாடுகளும் ஏற்ற சிகிச்சையாயிற்று. இந்தியாவும் பங்குகொண்ட ஐந்து நாட்டு ஆய்வொன்று, பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என 2021இல் காட்டியது. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு அணைத்து வைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. உயிர்காக்கும் இம்முறை கைக்கும் நல்லது. தாயின் மார்பில் கிடக்கும் குழந்தையின் கைகள் மடங்கி, முகத்தருகே வந்து, இதமான தோலைத் தொடுகின்றன. இழந்த கருவறைச் சுவர் ஓரளவு மீண்டும் கிடைக்கிறது. படுக்கையிலும் சுருட்டிய துணியால் கூடுபோல் அரண் செய்து, கைகள் விரிந்துவிடாமல் செவிலியர் காக்கின்றனர்.

இல்லம் திரும்பியபின் செய்யத்தக்கவை தமிழ் இல்லங்களுக்குப் புதியன ஆகா. விழித்திருக்கும்போது பெரியவர் அருகிருக்கக் குழந்தையைச் சற்று நேரம் குப்புறக் கிடத்தல் செங்கீரைக்கு வழி. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஊட்டி, மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை நண்டு ஊரவிடும் பாட்டியின் விளையாட்டு, ஊசியை மட்டுமே அறிந்த கைக்குத் தொடுதலின் இன்பத்தை மறுபடி கற்பிக்கிறது. கைகொட்டலும், நிலவை நோக்கிக் கை நீட்டலும், மாவைப் பிசைதலும், அகன்ற தட்டில் அரிசியையோ மணலையோ பரப்பி முழு விரலால் எழுதுதலும் பயிற்சியே. திண்ணைப் பள்ளிக்கூடம் மணலில் எழுத்தைத் தொடங்கியதில் ஓர் உடற்கூற்று ஞானம் உள்ளது. பேரெழுத்தைத் தோளும் முழங்கையும் எழுதிப் பழகிய பிறகே சிற்றெழுத்தை விரல்நுனி எழுத முடியும்.

பள்ளி செய்யத்தக்கன சில உண்டு. தடித்த பென்சில், அகன்ற வரிகள், கால் தரையில் ஊன்றும் உயரத்தில் இருக்கை, எழுத மிகுதி நேரம், எழுத்துக்கு மாற்றாக வாய்மொழி விடை ஆகிய இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. 2013இல் தொடங்கிய இராஷ்டிரிய பால் சுவாஸ்திய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைநலத் திட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்க வழிவகுக்கப்பட்டது. அம்மையங்களில் இத்தகைய குழந்தைகளுக்குச் சோதனையும் பயிற்சியும் கட்டணமின்றி உண்டு.

இங்கு உண்மையை மறைக்காமல் கூறுதல் கடமை. தொடக்கக் காலப் பயிற்சிகள் அறிவு வளர்ச்சிக்குத் துணைசெய்யும் அளவுக்கு, இயக்கத் திறனில் நீடித்த பெரும் மாற்றத்தைத் தந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பயிற்சி தேவை, பயிற்சியால் எல்லாக் கைகளும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்ற வாக்குறுதி தவறு. சில கைகள் வாழ்நாள் முழுதும் சற்றே மெதுவாக இயங்கும். அவற்றின் வேகத்துக்கு வீடும் பள்ளியும் இடங்கொடுக்க வேண்டும்.

சொல்லின் பொறுப்பு

இவ்விடத்தில்தான் கவிஞர் அவைக்குப் பங்கு வருகிறது. குறைமாதம் என்ற சொல்லில் உள்ள குறை, காலத்தைச் சுட்டியது. நாளடைவில் அது குழந்தையைச் சுட்டத் தொடங்கி, பின்னர் தாயையும் சுட்டிவிட்டது. பாரம் தூக்கினாள், வழி நடந்தாள், சொன்ன பேச்சைக் கேளாதிருந்தாள் என்று பழி அவள்மீது ஏற்றப்படுகிறது. நோய்த்தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கரு முதலிய காரணங்கள் உள்ளன. காரணமே புலப்படாத பேறுகளும் மிகப் பல. ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்றொரு நம்பிக்கை பண்டைக் கிரேக்கரிடத்தும் இருந்தது. தமிழ் இல்லங்களிலும் கேட்கப்படுவதுண்டு. ஒவ்வொரு வாரம் கூடுதலாகக் கருவில் இருக்கும்போதும் பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே மெய். நம்பிக்கை சொல்லால் பரவியது; சொல்லாலேயே அது நீங்க வேண்டும்.

பிள்ளைத்தமிழின் வினைச்சொற்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் தகும். ஆடுக, கொட்டுக, தருக, வருக என்று அவை குழந்தையிடம் கேட்டு நிற்பவை. சோழ மன்னனையும் மதுரைக்கு அரசியையும் பாடவந்த புலவர்கள், அவர்கள் கைகொட்டுவதற்காகக் காத்திருந்து, பத்துப் பாடல் பாடி வேண்டினர். விரைவில் கொட்டவில்லையே என்று வைத பிள்ளைத்தமிழ் ஒன்றும் இல்லை. அரசனுக்கும் தெய்வத்துக்கும் தந்த அப்பொறுமை, மருத்துவமனைப் பெட்டியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைக்கும் உரியது.

அத்தகைய குழந்தையை முன்னிறுத்திய பிள்ளைத்தமிழ் ஒன்று புதிதாக எழுதப்படலாம். அதில் காப்புப் பருவம் வெப்பப் பெட்டிக்குள் தொடங்கும். சப்பாணி ஒன்பதாம் திங்களில் வாராமல் பன்னிரண்டாம் திங்களில் வரலாம். சிறுபறைக்குப் பின் ஒரு புதுப் பருவமும் வேண்டியிருக்கும்: மணலில் முதல் எழுத்தை, கோணலாகவும் மெதுவாகவும், தன் விரலாலேயே எழுதி முடிக்கும் பருவம். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அந்நூலைப் பாடும் கவிஞர் இவ்வவையிலிருந்தே எழுந்து வருவாராக.